டேபிள் செல்லை விட்டு நகர்ந்தாலே சேவ் ஆகணுமா?

ஈரோட்டுக்காரன்:
"வெப் பக்கத்தில் எடிட் பண்ற டேபிளுக்கு மூணு வரி போதும். டிடி-யில் (டேபிள் செல்லின் எச்டிஎம்எல் குறி) கன்டென்ட்எடிட்டபிள் (செல்லுக்குள்ளேயே அடிக்க விடும் பண்பு) போடு, புளர் (செல் ஃபோகஸை இழக்கும் நிகழ்வு) ஆனதும் மதிப்பை எடு, சர்வருக்கு அனுப்பு" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். புதிதாகக் கற்பவர்கள் அதை அப்படியே நகலெடுப்பார்கள் என்பதுதான் எரிச்சல். புளர் ஆனால் பயனர் முடித்துவிட்டார் என்று யார் சொன்னது? 12500 அடிக்க வேண்டியவர் 125 அடித்துவிட்டு, பில்லைப் பார்க்க ஆல்ட்-டேப் போட்டாலும் புளர் வரும். 125 டேட்டாபேஸில் உட்கார்ந்துவிடும். என்டர், டேப் இரண்டுக்கு மட்டும் சேவ் செய்யுங்கள்.

மூணுவரி முத்து:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். எக்செல்லில் ஒரு செல்லில் அடித்துவிட்டு மவுஸால் அடுத்த செல்லைத் தொட்டால் முதல் செல் பதிவாகிறதா இல்லையா? கணக்கு எழுதுபவர்களின் கை அதற்குத்தான் பழகியிருக்கிறது. உங்கள் முறையில் அவர்கள் அடித்தது காணாமல் போகும். தரவு தொலைவது உங்களுக்குச் சம்மதமா?

ஈரோட்டுக்காரன்:
அதே எக்செல்லில் ஆல்ட்-டேப் அடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். செல் எடிட்டிலேயே இருக்கும், பதிவாகியிருக்காது. உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது.

மூணுவரி முத்து:
அதற்கு ஒரு நிபந்தனை போதும். புளர் வந்ததும் டாக்குமென்ட்.ஆக்டிவ்எலிமென்ட், அதாவது ஃபோகஸ் உள்ள உறுப்பு, எது என்று பாருங்கள். இன்னும் அதே செல் என்றால் மாறியது விண்டோதான். ஒன்றும் செய்யாமல் ரிட்டர்ன். இன்னொன்று, புளர் மேலே குமிழாது, அதாவது செல்லைச் சுற்றியுள்ள உறுப்புகளுக்கு ஏறிப் போகாது. 2000 வரிசை, 12 நெடுக்குப் பத்தி என்றால், செல்லுக்கு ஒன்றாக நிகழ்வைக் கவனிக்கும் 24000 லிசனர் மாட்டப் போகிறீர்களா? எல்லா வரிசைகளையும் அடக்கிய டிபாடியில், குமிழக்கூடிய ஃபோகஸ்அவுட் ஒன்று போதும்.

ஈரோட்டுக்காரன்:
ஆக, மூன்று வரி நான்காகிவிட்டது. எஸ்கேப் என்ன ஆகும்? பழைய மதிப்பைப் போட்டு இன்புட்டை (அடிக்கும் பெட்டியை) நீக்குவீர்கள். நீக்கும்போதே குரோமில் புளர் கிளம்பலாம். ரத்து செய்த மதிப்பே சேவ் ஆகும். என்டருக்கும் அதே ஆபத்து: என்டரில் சர்வருக்கு ஒரு பேட்ச் (மதிப்பை மாற்றச் சொல்லும்) கோரிக்கை, செல் திரும்ப வரையப்படும்போது புளரில் இன்னொன்று.

மூணுவரி முத்து:
'முடிந்தது' என்று ஒரு கொடி (ஆம்/இல்லை மாறி) வைத்தால் இரண்டும் தீரும். புளரைக் குறை சொல்லாதீர்கள், நிகழ்வு வந்ததும் ஓடும் ஹேண்ட்லரை ஒழுங்காக எழுதுங்கள்.

தாமரை:
இரண்டு பேரும் எப்போது சேவ் என்றே மல்லுக்கட்டுகிறீர்கள், டேபிளின் எந்த வரிசையில் சேவ் என்று யாருக்கும் கவலை இல்லை. வரிசை எண்ணை அனுப்பினால், பயனர் தேதிப்படி மாற்றி அடுக்கியதும் அடுத்தவர் கணக்கில் எழுதிவிடும். வரிசையின் குறியான டிஆர்-இல், டேட்டாபேஸில் அந்தப் பதிவை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியை டேட்டா-ஐடி ஆக வையுங்கள். கூடவே பதிவின் பதிப்பு எண் ஒன்றை, 'இதே பதிப்பாக இருந்தால் மட்டும் மாற்று' என்னும் இஃப்-மேட்ச் தலைப்பில் அனுப்புங்கள். நடுவில் வேறொருவர் மாற்றியிருந்தால் சர்வர் 412 (நிபந்தனை பொருந்தவில்லை என்ற பிழை எண்) திருப்ப வேண்டும். இல்லையென்றால் கடைசியாக எழுதியவர் முன்னவரை அழித்துவிடுவார், யாருக்கும் தெரியாது.

மூணுவரி முத்து:
அது பின்முனை (சர்வர் பக்க) வேலை மேடம். இங்கே கேள்வி புளர்.

வெண்பா:
கேள்வி கன்டென்ட்எடிட்டபிள். வேர்டிலிருந்து ஒட்டினால் ஸ்பான், ஸ்டைல் போன்ற வடிவக் குறிகள் எல்லாம் செல்லுக்குள் இறங்கும். என்டர் அடித்தால் உள்ளே புது வரிக்காக ஒரு டிவ் குறி முளைக்கும். வெறும் எழுத்தை மட்டும் ஏற்கும் பிளெயின்டெக்ஸ்ட்-ஒன்லி மதிப்பு ஃபயர்பாக்ஸுக்கு வந்ததே 2025-இல், 136-ஆம் பதிப்பில். டபுள் கிளிக்கிலோ எஃப்2-விலோ சாதாரண இன்புட் ஒன்றை வையுங்கள். பத்தியின் அகலம் குதிக்காமல் இருக்க சிஎஸ்எஸ்-இல் டேபிள்-லேஅவுட் ஃபிக்ஸட். தொகைக்கு இன்புட்டில் டைப் நம்பர் வேண்டாம், அதில் ஆங்கில 'இ' (e) எழுத்தும் நுழையும். பயனர் 1,25,000 என்று காற்புள்ளியோடு அடித்தால், எழுத்தை எண்ணாக்கும் பார்ஸ்ஃப்ளோட் தருவது 1. காற்புள்ளியை நீக்கிவிட்டு எண்ணாக மாற்றுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
இந்த 1 கூட புளரில் சத்தமில்லாமல் சேவ் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூணுவரி முத்து:
என்டரிலும் அதே 1-தான் சேவ் ஆகும்! என்டர், என்டர் என்கிறீர்களே, ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் அடிப்பவருக்கு என்டர் என்பது பரிந்துரைத்த சொல்லைத் தேர்வு செய்யும் விசை. சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறதா என்று சொல்லும் இஸ்கம்போசிங் பார்க்காமல், கீடவுனில் (விசை அழுத்தும் நிகழ்வில்) சேவ் வைத்தால் பெயரின் முதல் சொல்லிலேயே செல் மூடிவிடும். சஃபாரியில் அதுவும் போதாது, விசையின் எண்ணான கீகோட் 229-ஆ என்றும் பார்க்க வேண்டும். புளருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

சொல்லேருழவர்:
ஐயா, "புளர்" என்று எத்தனை முறை எழுதுவீர்கள்? குவியம் இழத்தல் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மூணுவரி முத்து:
குவியம் என்று தேடினால் கேமரா லென்ஸ்தான் வரும். தேதிப் பெட்டி விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் வந்து திசை திருப்பினீர்கள்.

சொல்லேருழவர்:
அங்கே நான் சொன்ன "நாட்காட்டித் தெரிவி"யை இப்போது இரண்டு பேர் பயன்படுத்துகிறார்கள். மொழி தெரியாததைத் திறமை என்று நினைக்காதீர்கள்.

தாமரை:
412 பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூணுவரி முத்து:
திறக்கிறேன். 412 வந்தால் செல்லில் சிவப்புக் கோடு, அடித்த மதிப்பை அழிக்காமல் பக்கத்தில் சர்வர் மதிப்பு. எப்போது சேவ் செய்தாலும் இதே கைவேலைதான். ஈரோட்டுக்காரர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: கைபேசி விசைப்பலகையில் டேப் விசை எங்கே இருக்கிறது?

ஈரோட்டுக்காரன்:
ஆண்ட்ராய்டில் பேக் அழுத்தி விசைப்பலகையை மூடிப் பாருங்கள். ஃபோகஸ் செல்லிலேயே நிற்கும், புளர் வராது. அப்படியே செயலியை மூடினால் உங்கள் மூன்று வரியில் எந்த வரி சேவ் செய்யும்?

மூணுவரி முத்து:
அதே இடத்தில் உங்கள் என்டரும் சேவ் செய்யாது. இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஈரோட்டுக்காரன்:
முதலில் நீங்கள் சொன்னது "மூணு வரி போதும்".