நாலு வழி திடீரென ரெண்டு வழி ஆகும் இடங்கள்: பைபாஸ் அனுபவப் பகிர்வு

நீலாம்பூர் பக்கம்:

கோவையில் நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ், அந்தப் பக்கம் சேலம்–உளுந்தூர்பேட்டை ரோட்டின் ஊர் பைபாஸ்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. முன்னும் பின்னும் அகலமான ரோடு, நடுவில் காசு மிச்சம் பிடித்த ரோடு. எங்கே மாட்டுகிறது, ஏன் மாட்டுகிறது, என்ன செய்தால் தப்பலாம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். எந்த ஆட்சியில் நடந்தது என்ற சண்டை இங்கே வேண்டாம், அதற்கு டீக்கடை இருக்கிறது.

கோவைக் கணக்கை நானே ஆரம்பிக்கிறேன். என்.எச். 544-இல் செங்கப்பள்ளியிலிருந்து நீலாம்பூர் வரை ஆறு வழி. மதுக்கரை தாண்டி வாளையாறு எல்லை வரை நான்கு வழி. இடையில் எல்லோரும் எல் அண்ட் டி பைபாஸ் என்று சொல்லும் 28 கி.மீ. மட்டும் இரண்டு வழி. மறந்துபோய் விட்டதல்ல இது. அகலப்படுத்தும் திட்டத்தின் பெயரிலேயே ‘செங்கப்பள்ளி முதல் கோவை பைபாஸ் தொடக்கம் வரை, கோவை பைபாஸ் முடிவு முதல் கேரள எல்லை வரை’ என்று எழுதித்தான் வேலை கொடுத்தார்கள். பைபாஸ் 1990களிலேயே தனி ஒப்பந்தத்தில் போய்விட்டதால் அதைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். ரோட்டில் போகிற வண்டிக்கு ஒப்பந்தம் தெரியாதே!

அதிகம் மாட்டுவது திருச்சி ரோடு குறுக்கிடும் சிந்தாமணிப்புதூர், அடுத்து பொள்ளாச்சி ரோடு குறுக்கிடும் ஈச்சனாரி. கம்பெனி ஷிப்ட் மாறும் நேரத்தில் வெளியூர்க்காரர்கள் பைபாஸை நம்பி வர வேண்டாம்.

ரோடு எஸ்டிமேட்:

இரண்டு வழி ரோடு எத்தனை வண்டி தாங்கும் என்பதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் கணக்கு வைத்திருக்கிறது. சமவெளியில் ஒரு நாளைக்கு 15,000 பி.சி.யு., அதாவது கார் அலகு. ஒரு கார் ஒன்று, பைக் அரை, லாரியும் பஸ்ஸும் மூன்று, டிரெய்லர் நாலரை.

இதைக் கூட்டிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2,000 லாரி என்றால் 6,000. டிரெய்லர் 1,000 என்றால் 4,500. கார் 4,000. பைக் 1,000 என்றால் 500. மொத்தம் 15,000 ஆகிவிட்டது. வண்டியாக எண்ணினால் வெறும் 8,000தான். லாரி ஓடும் ரோட்டில் ‘வண்டி கம்மிதானே, ரெண்டு வழி போதும்’ என்று சொல்வது இங்கேதான் ஏமாற்றுகிறது. வண்டி எண்ணிக்கையை மட்டும் யாராவது காட்டினால் பி.சி.யு. எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

சிக்னல் இன்னும் மோசம். ஒரு லேனில் தடையில்லாமல் விட்டால் மணிக்குச் சுமார் 1,800 பி.சி.யு. போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 நொடி சுற்றில் உங்கள் பக்கம் 30 நொடி பச்சை என்றால் அதில் நாலில் ஒரு பங்கு, 450. எல்லாமே டிரெய்லராக நின்றால் மணிக்கு 100 வண்டிதான் தாண்டும். இதில் லோடு டிரெய்லர் நின்ற இடத்திலிருந்து கிளம்பி கியர் மாற்றுவதற்குள் பச்சையில் பாதி போய்விடும். ஆறு வழியில் மூன்று லேனில் வந்த கூட்டம் இந்த ஒற்றை லேனில் நுழையும்போது வரிசை நீலாம்பூர் பக்கம் நீளாமல் எங்கே போகும்? சிக்னல் நேரத்தை மாற்றிப் பயனில்லை. ஒரு ரோட்டுக்குக் கொடுத்தால் இன்னொரு ரோட்டில் கூடும். மேம்பாலம் ஒன்றே வழி, அதுவும் இரண்டு வழியாகக் கட்டினால் இந்தக் கதையே மறுபடி நடக்கும்.

கண்டெய்னர் வண்டி:

நெரிசலை விட பிரேக்டவுன்தான் இந்த ரோட்டில் பெரிய தலைவலி. நான்கு வழியில் ஒரு லாரி நின்றால் பக்கத்து லேன் இருக்கிறது. இங்கே ஒரு டயர் வெடித்தால் ஒரு திசை முழுக்க நின்றுவிடும், பின்னால் வருபவன் எதிர் லேனில் ஏறுவான், ஐந்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்ளும். முக்கால்வாசி ஜாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

நிற்கும் வண்டிக்காரர்கள் செய்ய வேண்டியது: இடது சக்கரத்தை மண் தோளில், அதாவது தாருக்கு வெளியே உள்ள மண் ஓரத்தில், இறக்கும் முன் கிளீனர் இறங்கி மண்ணை மிதித்துப் பார்க்க வேண்டும். மழைக்குப் பிறகு தோள் உள்வாங்கும், லோடு வண்டி சாய்ந்தால் கிரேன் வரும்வரை ரோடே அவ்வளவுதான். முக்கோண ரிஃப்ளெக்டரைப் பின்னால் ஐம்பது தப்படிக்குக் குறையாமல் வைக்கணும், வண்டி பம்பர் ஓரத்தில் வைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குக் கூப்பிட்டால் முதலில் கேட்பது கி.மீ. எண். ஓரத்தில் 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் இருக்கும். அதன் எண்ணையும் கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் கல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள், எந்த ஊர் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். ‘பாலத்துக்குப் பக்கத்தில்’ என்றால் ஆம்புலன்ஸும் கிரேனும் எதிர்த் திசையில் வந்து நிற்கும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட முடியாது. டயருக்கு அண்டைக் கொடுத்த கல்லையும், பின்னால் அடையாளத்துக்குப் போட்ட வேப்பந்தழையையும் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். காய்ந்த தழைக்குக் கீழே தலையளவு கல். இருட்டில் பைக்கில் வருபவனுக்குத் தழை மட்டும்தான் தெரியும், அதன் மேலேயே ஏற்றுவான். வண்டி எடுக்கும் முன் கல்லை உதைத்து ஓரத்தில் தள்ள அரை நிமிடம் ஆகாது.

ஆத்தூர்:

எங்கள் ரோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேலம்–உளுந்தூர்பேட்டை, பழைய என்.எச். 68, இப்போது 79. சுமார் 136 கி.மீ. பேர் நான்கு வழிச்சாலை. ஆனால் வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் என்று ஊர் வரும் இடத்தில் எல்லாம் பைபாஸை இரண்டு வழியாகப் போட்டார்கள். நான்கு வழியாக்கும் வேலை வருஷக்கணக்கில் போராடிய பிறகுதான் தனியாக வந்தது. சிக்கனம் பிடித்ததே தப்பான இடத்தில் என்பேன். ஊருக்கு வெளியே நேர் ரோட்டில் லேன் குறைந்தால் வண்டி மெதுவாகும், அவ்வளவுதான். டிவைடர் முடிந்து எதிர் வண்டி அதே தாரில் வரும் இடத்தில் குறைத்தால் நேருக்கு நேர் மோதல்.

ராத்திரி ஓட்டும் தம்பிகளுக்கு: நான்கு வழியில் வலது லேனிலேயே நூறில் வந்து பழகிய கண்ணுக்கு டிவைடர் முடிந்தது உறைக்காது. போர்டு பெரும்பாலும் லாரி மறைவில் போய்விடும். நம்ப வேண்டியது தரையில் பதித்த ஒளிக்கட்டிகளை. வலது ஓரத்தில் மஞ்சளாக மின்னினால் டிவைடர் இருக்கிறது, இடது ஓரம் சிவப்பு, லேன் நடுவில் வெள்ளை. வலப்பக்கத்து மஞ்சள் நின்று வெள்ளை மட்டும் வந்தால் நீங்கள் இருவழிப் போக்குவரத்துக்குள் வந்துவிட்டீர்கள். உடனே இடது லேனுக்கு வந்து எண்பதுக்குக் கீழே இறக்குங்கள். ஒளிக்கட்டி உடைந்து போயிருந்தால் முன்னால் போகும் லாரியின் வலது சக்கரத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தார் இருக்கிறது என்று பாருங்கள்.

ஓவர்டேக் விஷயத்தில் ரோடு எஸ்டிமேட் அண்ணன் சொன்னால் நன்றாக இருக்கும்.

ரோடு எஸ்டிமேட்:

எண்பதில் போகும்போது ஓவர்டேக் செய்ய 470 மீட்டர் தெரிய வேண்டும், நூறில் 640. மேலே சொன்ன 200 மீட்டர் கல்லை வைத்தே அளக்கலாம்: எண்பதில் இரண்டு கல் தூரத்துக்கும் மேலே காலியாக இருக்கணும், நூறில் மூன்று கல்லுக்கும் மேலே. பிரேக் போட்டு நிற்க எண்பதில் 120 மீட்டர், நூறில் 180. முன்னால் போகும் ஆம்னி பஸ் ஏறுகிறது என்று அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நீங்களும் ஏறாதீர்கள். அவருக்கு இருக்கும் உயரமும் பார்வையும் காரில் இருப்பவருக்குக் கிடையாது, அவர் உள்ளே நுழைந்ததும் இடைவெளி மூடிவிடும்.

மதுக்கரை மார்க்கெட்:

சார், டோல் பற்றி ஒரு சந்தேகம். இரண்டு வழிக்கும் நான்கு வழிக்கும் ஒரே கட்டணமா?

ரோடு எஸ்டிமேட்:

இல்லைங்க. 2008 கட்டண விதிப்படி இரண்டு வழிக்கு நான்கு வழிக் கட்டணத்தில் 60 சதம். ஆனால் அதற்கு முன் கையெழுத்தான ஒப்பந்தங்கள் அவரவர் பழைய கட்டணத்தில்தான் ஓடின. கோவை பைபாஸும் அந்த ரகம், அதனால்தான் 28 கி.மீ.க்குள் ஆறு சாவடி. 2025 ஆகஸ்டில் ஐந்தை எடுத்துவிட்டு மதுக்கரையில் மட்டும் வைத்தார்கள். சாவடி வரிசை குறைந்தது, ரோடு அகலம் அப்படியேதான் இருக்கிறது.

நெரிசலுக்கும் கட்டணத்துக்கும் தொடர்பு உண்டா என்றால் இதே 544-இல் கேரளப் பக்கம் பாருங்கள். இடப்பள்ளி–மண்ணுத்தி பகுதியில் கீழ்ப்பாலம் வேலைகளால் மணிக்கணக்கில் ஜாம். பாலியேக்கரை சாவடியில் வசூலை 2025 ஆகஸ்ட் 6 அன்று கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. மேல்முறையீட்டையும் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அக்டோபரில்தான் மறுபடி வசூல். நம் பக்கம் யாராவது வழக்குப் போட நினைத்தால் ‘டோல் அநியாயம்’ என்று போகாமல், தேதி, நேரம், கி.மீ. எண் போட்ட நெரிசல் பதிவோடு போகணும்.

மனு எழுதுபவர்:

அந்தப் பதிவுக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு, உதவும். 10 ரூபாய், 30 நாள். முதலில் ரோடு யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்: தேசிய நெடுஞ்சாலை ஆணையமா, மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலை அலகா. தவறான இடத்துக்கு அனுப்பினாலும் பிரிவு 6(3)படி ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டும், ஆனால் மாற்றுவதிலேயே மாதம் போகும்.

‘ஏன் அகலப்படுத்தவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று மடக்கிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள். இந்த கி.மீ. முதல் இந்த கி.மீ. வரை கடைசியாக எடுத்த ஏழு நாள் போக்குவரத்துக் கணக்கெடுப்பு, பி.சி.யு.வில். விரிவான திட்ட அறிக்கையில் எத்தனை வழி என்று முடிவு செய்த பக்கங்கள். கையகப்படுத்திய நிலத்தின் அகலம். எந்த அளவு போக்குவரத்து வந்தால் அகலப்படுத்த வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தப் பிரிவு. இந்தக் கடைசிக் கேள்வியைத் தனி மனுவாகப் போடுங்கள். வணிக ரகசியம் என்று 8(1)(டி) காட்டி மறுப்பார்கள், ஒரே மனுவில் இருந்தால் மற்றதும் சேர்ந்து தொங்கும்.

மனு போடும் முன் ரோட்டோரம் நடந்து எல்லைக் கல்லைத் தேடுங்கள். ஒரு பக்கம் தார் ஓரத்திலிருந்து கல் பத்தடியில், மறு பக்கம் எங்கோ சீமைக்கருவேலங்காட்டுக்குள் என்றால், இரண்டாவது ரோட்டுக்கு இடம் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது நிலம் இல்லை என்ற சாக்கு எடுபடாது.

கண்டெய்னர் வண்டி:

ரயில்வே பாலத்தையும் பாருங்கள் அண்ணா. ரோட்டை அகலப்படுத்திவிட்டுப் பாலத்தை அப்படியே விட்டால் டிவைடர் முடியும் இடம் பாலத்து ஏற்றத்தில் போய் நிற்கும், எதிரே வருவது உச்சியில்தான் தெரியும். ரயில்வே அனுமதிதான் எல்லாவற்றையும் விட இழுக்கும், அதனால் வரைபட ஒப்புதல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிடுங்கள். அகலப்படுத்தும் வேலை நடக்கும்போது புதுத் தாருக்கும் பழைய தாருக்கும் நடுவில் ஒரு ஜாண் பள்ளம் இருக்கும், லேன் மாறும்போது பைக்காரர்கள் சாய்வாக ஏறாமல் சரிவு போட்ட இடம் வரும்வரை பொறுத்து ஏறுங்கள்.