மெட்ரானிக் பங்கு: டிவிடெண்டை நம்பி வாங்கலாமா?

நிதானம் கேட்டது:
வணக்கம். ஆறு மாசமா மருத்துவக் கருவி செய்யற மெட்ரானிக்கைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். 2025 மே மாசம் டிவிடெண்டை (பங்குக்குக் கொடுக்கற லாபப் பணம்) ஏத்தினப்போ அது தொடர்ந்து 48ஆவது வருஷம். ஏப்ரல் 2025ல முடிஞ்ச நிதியாண்டுல விற்பனை 33.5 பில்லியன் டாலர். ஆனா 2021ல 130 டாலரைத் தாண்டின பங்கு, அதுக்கப்புறம் நல்லா இறங்கிப்போச்சு. எங்க அம்மா நெஞ்சுல இருக்கறது இவங்க பேஸ்மேக்கர்தான், அதனால மனசு இந்தப் பக்கம் சாயுது. அதை மட்டும் வச்சுப் பணம் போட முடியாதே. இந்தத் துறையில வேலை பார்த்தவங்க சொல்லுங்க.

கணக்கன்:
2015ல கோவிடியன்கிற இன்னொரு மருத்துவக் கருவிக் கம்பெனியைக் கிட்டத்தட்ட 50 பில்லியன் டாலருக்கு வாங்கினாங்க. அதுல பெரும்பங்கு புதுப் பங்கா கொடுத்ததால, சுமார் 100 கோடியா இருந்த பங்குகள் 140 கோடியைத் தாண்டிடுச்சு. கோவிடியன் சேர்ந்த முதல் முழு வருஷம், 2016 நிதியாண்டு, விற்பனை 28.8 பில்லியன். அப்போ ஒன்பது வருஷத்துல வளர்ச்சி வருஷத்துக்கு 2 சதவீதம்கூட இல்ல. எனக்கு இது போதும், நான் ஒதுங்கிட்டேன்.

லீட்வயர்:
கணக்கன் சொன்னது சரி. ஆனா அந்த 2 சதவீதத்துக்குள்ள ரெண்டு மூணு வேற வேற தொழில் கலந்து கிடக்கு. நான் வேறொரு கம்பெனிக்காக 11 வருஷம் பேஸ்மேக்கர் அறுவை அறையில நின்னவன். லீடை, அதாவது பேஸ்மேக்கர்ல இருந்து இதயத்துக்குப் போற வயரை, உள்ள வச்சதும் வோல்ட்டேஜை 2.5, 2, 1.5ன்னு இறக்கிக்கிட்டே வருவோம். எந்த வோல்ட்டேஜ்ல துடிப்பு விட்டுப்போகுதுன்னு திரையைப் பார்த்துச் சொல்லணும். டாக்டர் தலையைத் திருப்ப மாட்டார், நம்ம குரலை மட்டும்தான் கேட்பார். ஒரு டாக்டர்கிட்ட விலையைக் குறைச்சுக் கொண்டுபோனோம், கருவியும் நல்ல கருவி. அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா யார் வருவாங்க?" பதில் சொல்ல எங்ககிட்ட ஆள் இல்ல. ஆர்டர் போச்சு.

மெட்ரானிக்கோட பலம் அங்கதான் இருக்கு. இன்னொண்ணும் இருக்கு. லீடைச் சொருகற முனை எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவுதான். பேட்டரி தீர்ந்து பேஸ்மேக்கர் பெட்டியை மாத்தும்போது வேற கம்பெனிக்குப் போகலாம். ஆனா எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்கிற அனுமதி பெரும்பாலும் பெட்டியும் லீடும் ஒரே கம்பெனியா இருந்தாதான் கிடைக்கும். அதனால பல டாக்டர்கள் பழைய கம்பெனியை விடமாட்டாங்க.

இதே பூட்டு எல்லாப் பிரிவுலயும் இருக்குன்னு நினைக்காதீங்க. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்கிற தாறுமாறான இதயத் துடிப்புக்கு, கோளாறு பண்ற திசுவை அழிக்கற அப்லேஷன் சிகிச்சையில, உறைய வச்சு அழிக்கற கிரையோபலூன் இவங்க கோட்டையா இருந்துச்சு. மின்துடிப்பால அழிக்கற பல்ஸ்டு ஃபீல்ட் முறை வந்ததும் டாக்டர்கள் ரொம்ப வேகமா மாறிட்டாங்க. இத்தனைக்கும் அமெரிக்காவுல இந்த முறைக்கு முதல் அனுமதி வாங்கினது மெட்ரானிக்தான், 2023 டிசம்பர்ல. அடுத்த மாசமே அனுமதி வாங்கின பாஸ்டன் சயின்டிஃபிக் சந்தையை அள்ளிக்கிச்சு. 2024 அக்டோபர்ல மெட்ரானிக்கோட அஃபெரா கருவிக்கு அனுமதி கிடைச்ச பிறகுதான் இவங்க திரும்ப நிமிர்ந்தாங்க. ஆனா அந்தப் பிரிவுல அறிவிக்கிற வளர்ச்சி விகிதத்தை அப்படியே எடுத்துக்காதீங்க. புதுசு ஏறும்போது இவங்களோட கிரையோபலூனே இறங்குது. ரெண்டையும் கூட்டிப் பாருங்க.

அறுவை ரோபோ விஷயத்துல நான் பெருசா எதிர்பார்க்கல. போட்டிக் கம்பெனியோட ரோபோ டா வின்சி அமெரிக்காவுல அனுமதி வாங்கினது 2000ல. மெட்ரானிக்கோட ஹியூகோவுக்கு ஐரோப்பாவுல விக்கறதுக்கான சி.இ. குறியீடு கிடைச்சதே 2021லதான். ஒரு ரோபோவோட கன்சோல்ல (இயக்கற மேடை) கை பழகின சர்ஜனை இன்னொண்ணுல உட்கார வைக்கறது சாதாரண விஷயம் இல்ல.

நிதானம்:
ரொம்ப நன்றி அண்ணா. நீரிழிவுப் பிரிவைத் தனியாப் பிரிக்கறதா 2025 மே மாசம் அறிவிச்சாங்களே, அது நல்லதா?

லீட்வயர்:
நல்லதுன்னுதான் நினைக்கிறேன். அந்த 2025 நிதியாண்டு மொத்த விற்பனையில அது 8 சதவீதம்தான். இன்சுலின் பம்ப் நேரா நோயாளிக்கு விக்கற பொருள், அறுவை அறையில நாம கட்டின உறவு அங்க உதவாது. அந்தப் பிரிவுக்கு 2021 டிசம்பர்ல அமெரிக்காவுல மருந்து, கருவிகளுக்கு அனுமதி கொடுக்கற எஃப்.டி.ஏ.கிட்ட இருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்து, அது நீங்க 2023 ஏப்ரல் ஆயிடுச்சு. அதுவரைக்கும் அமெரிக்காவுல புதுப் பம்புக்கு அனுமதி கிடைக்கல. போட்டிக் கம்பெனிகளுக்கு அந்த இடைவெளி போதும்.

நான் கொஞ்சம் வச்சிருக்கேன், டிவிடெண்டுக்காக இல்ல. அம்மாவுக்கு அடுத்த செக்கப் எப்போ? லீட் திரெஷோல்டு, அதாவது துடிப்பு விட்டுப்போகாம இருக்கத் தேவையான குறைஞ்சபட்ச வோல்ட்டேஜ், எவ்வளவுன்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க தம்பி.

நிதானம்:
அடுத்த வாரம் அண்ணா. கேட்டுட்டு வந்து இங்கயே போடறேன். அதுவரைக்கும் வாங்கல. அப்லேஷன் கணக்கை நாலு காலாண்டுக்குக் கூட்டிப் பார்த்துட்டு முடிவு பண்றேன்.