களிமண்ணில் சுயஉருவத் தலை: பிதுங்கும் கண், கழுத்தில் விரிசல்

மண்விரல்:
பட்டறையில் டெரகோட்டா களிமண்ணில் என் தலையை முக்கால் அளவில் செய்கிறேன். பலகையில் அறைந்த மரக்குச்சி, அதில் செய்தித்தாள் உருண்டை, அதன்மேல் மண். கண்ணாடி பார்த்துத்தான் செய்தேன், ஆனாலும் யாரோ மாதிரி இருக்கிறது. கண் மீன் கண்ணாகப் பிதுங்குகிறது. நான்காம் நாள் கழுத்தைச் சுற்றி விரிசல். சூளையில் வெடிக்காமல் இருக்க என்ன செய்யணும்?

செதுக்கல்:
முதலில் கண்ணாடி விஷயம். உங்கள் இடக் கன்னத்து மச்சம் கண்ணாடியிலும் இடப் பக்கமே தெரியும். ஆனால் உங்களைப் பார்த்து நிற்கும் சிலையில் அது உங்கள் வலக்கைப் பக்கம் வரவேண்டும். பார்த்தபடியே வைத்தால் முகம் இடவலம் மாறிவிடும். 'யாரோ மாதிரி' என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணத்தில், விரித்த புத்தகம் போல நிறுத்தி மூலையைப் பாருங்கள், மாறாத முகம் தெரியும். போட்டோ என்றால் இரண்டு மீட்டர் தள்ளி வைத்து ஜூம் செய்து எடுங்கள். கைநீட்டுத் தூர செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது பின்வாங்கிவிடும்.

மீதிப் பாதி மண்டை. உச்சியிலிருந்து தாடை வரை அளந்தால் கண் நடுவில் இருக்கும். எல்லோருமே மேலே ஏற்றிவிடுகிறோம். பக்கவாட்டில் நெற்றிக்கும் பின்மண்டைக்கும் உள்ள ஆழம் தலை உயரத்துக்குச் சற்றுதான் குறைவு. பின்னால் மண் போதாவிட்டால் முகமூடிதான் வரும். காலிப்பரால் (இரு கால் கொண்ட அளவுக் கருவி) காதுக்குக் காது, தாடை அகலம், மூக்கடியிலிருந்து தாடை எடுத்து எல்லாவற்றையும் 0.75 ஆல் பெருக்குங்கள்.

கண் பிதுங்குவது, குழி தோண்டாமல் உருண்டையை மேலே ஒட்டுவதால். கட்டைவிரலால் குழியை ஆழமாக அழுத்தி, புருவ எலும்பை முன்னே கொண்டு வாருங்கள். மனிதக் கண் சுமார் 24 மி.மீ., உங்கள் அளவுக்கு 18 மி.மீ. உருண்டை. அதை உள்ளே வைத்து இமைகளைத் தனிப் பட்டையாகப் போர்த்துங்கள். வெளி ஓரத்தில் மேலிமை கீழிமையைத் தாண்டி இறங்கணும். அந்த ஒரு மடிப்பு போதும், பார்வைக்கு உயிர் வந்துவிடும்.

சூளைக்காரர்:
விரிசலுக்குக் காரணம் அந்தக் குச்சி. மண் காயும்போது சுருங்கும், மரம் சுருங்காது. கழுத்து மெல்லியது என்பதால் அங்கேதான் கிழியும்.

நகத்தால் கீறினால் கோடு விழணும், விரல் அழுத்தினால் அச்சு விழக்கூடாது. அந்தப் பதத்தில் உச்சந்தலையைக் கம்பியால் மூடி போல அறுங்கள். அறுக்குமுன் குறுக்கே இரண்டு கோடு போட்டால் திரும்பப் பொருத்துவது சுலபம். தாளையும் குச்சியையும் உருவி, சுவர் ஒன்றரை செ.மீ. வரும்வரை குடையுங்கள். விளிம்புகளைக் கீறி, மண்குழம்பு தடவி அழுத்துங்கள். அடியைத் திறந்தே விடுங்கள்.

நிழலில் இரண்டு மூன்று வாரம் காயட்டும். காது, மூக்கு நுனி சீக்கிரம் காயும். அவற்றில் மட்டும் பிளாஸ்டிக் சுற்றுங்கள்.

வெடிப்பது காற்றுக்குமிழியால் என்று பட்டறைகளில் சொல்வார்கள். வெடிக்க வைப்பது ஈரம். 100 டிகிரியில் நீராவியாகி வெளியேற வழியில்லாமல் பிளக்கிறது. சிலையைக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள், சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. சூளையை 80–90 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்தி, பிறகு மெதுவாக ஏற்றுங்கள். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். இரண்டு முறையும் அவசரம் கூடாது. டெரகோட்டாவுக்கு 950 போதும். ஐயனார் குதிரை செய்யும் வேளார்கள் மண்ணில் மணலும் உமியும் கலந்து, உடலைக் கூடாக எழுப்புவதும் இதற்காகத்தான்.

மண்விரல்:
நன்றி ஐயா. விரிசலை ஈர மண் பூசி அடைக்கலாமா?

சூளைக்காரர்:
வேண்டாம். பூசிய மண் சுருங்கும், பழையது சுருங்காது, அதே கோட்டில் திரும்பத் திறக்கும். அளவுகளைக் குறித்துக்கொண்டு உடைத்து, அதே மண்ணில் புதிதாகச் செய்யுங்கள். உடைத்த துண்டுகளை முழுக்கக் காய்ந்த பிறகு தண்ணீரில் போடணும். அரை ஈரத்தில் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும், காய்ந்தது தானாகக் கரையும். பிசையும்போது சுட்ட ஓட்டுப்பொடியைச் சலித்து ஐந்தில் ஒரு பங்கு சேருங்கள், சுருக்கம் குறையும்.