'ஸ்ட்ரீமிங்'குக்குத் தமிழ்: ஓடையா, பாய்ச்சலா?

> செய்தியோடை என்று ஏற்கெனவே எழுதுகிறோம். ஸ்ட்ரீமிங்கையும் ஓடை என்றே வைத்துக்கொண்டால் என்ன குறை?

வணக்கம் அக்கா,

செய்தியோடை நல்ல சொல். நானும் அதைத்தான் எழுதுகிறேன். ஆனால் என் கையேட்டுக்கு ஓடை பொருந்தவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

நான் எழுதுவது லினக்ஸ் கணினியில் இயங்கும் மெய்நிகர் (VR) விளையாட்டை வயர் இல்லாமல் தலையில் மாட்டும் ஹெட்செட்டுக்கு அனுப்பும் முறையைப் பற்றி. இதற்கென மெட்டா நிறுவனம் தரும் ஏர் லிங்க் விண்டோஸுக்கு மட்டும்தான். லினக்ஸில் இருப்பவர்களுக்கு ஏ.எல்.வி.ஆர்., வைவர்ன் என்ற இரண்டு கட்டற்ற மென்பொருள்கள் உண்டு. முன்னது மெய்நிகர் விளையாட்டுகளை இயக்கும் ஸ்டீம்விஆரோடு சேர்ந்து இயங்கும். பின்னது அதே வேலையைச் செய்யும் கட்டற்ற மொனாடோவின் மேல் கட்டப்பட்டது, ஓபன்எக்ஸ்ஆர் என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றுவது.

இதில் நடப்பதைப் பாருங்கள். தலையைத் திருப்பியதும் ஹெட்செட் தன் நிலையை வைஃபை வழியே கணினிக்குச் சொல்கிறது. படம் வந்து சேரும் கணத்தில் தலை எங்கே இருக்கும் என்று முன்கூட்டிக் கணித்து, அந்தக் கோணத்துக்கு ஏற்ற காட்சியைக் கணினி வரைகிறது. வரைந்ததைச் சுருக்கி அனுப்புகிறது. ஹெட்செட் அதை விரித்து, இடைப்பட்ட நேரத்தில் தலை இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தால் அதற்கேற்பப் படத்தைச் சரித்துக் காட்டுகிறது. நொடிக்கு 90 முறை என்றால் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒரு படத்துக்கு, 11 மில்லிநொடிதான். மெட்டாவின் க்வெஸ்ட் 2 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 1832 × 1920 புள்ளிகள். இரண்டு கண்ணுக்கும் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 15 கிகாபிட் வரும். எந்த வீட்டு ரவுட்டரும் அதைத் தாங்காது. 100 மெகாபிட் அளவுக்குச் சுருக்கினால்தான் காரியம் நடக்கும். பார்வை கூர்மையாக விழும் நடுப்பகுதிக்குக் கூடுதல் விவரமும் ஓரங்களுக்குக் குறைந்த விவரமும் தருவது அதற்காகத்தான்.

ஓடை இப்படியா இருக்கும்? மழை பெய்தால் தன்பாட்டில் ஓடும். கரையில் நிற்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குக் கவலை இல்லை.

உங்கள் தம்பலகாமத்து வயலை நினையுங்கள். கந்தளாய்க் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அப்படியே வயலுக்கு வந்துவிடாது. வரம்பில் நிற்பவர் நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையாரிடம் கேட்கிறார். துருசை, அதாவது மதகைத் திறக்கிறார்கள், வாய்க்காலில் வருகிறது, வரம்பில் வக்கடை (தண்ணீர் வழி) வெட்டிய வயலுக்குள் வேண்டிய அளவு இறங்குகிறது. கேட்பவர் ஒரு பக்கம், திறப்பவர் மறுபக்கம். நாங்கள் சிறுவயதிலிருந்து இதைப் 'பாய்ச்சுறது' என்றுதான் கதைக்கிறோம். ஆகவே 'காட்சிப்பாய்ச்சல்' என்பது என் முன்மொழிவு.

திருகோணமலையிலிருந்து,
தம்பி

*

> ஆகவே 'காட்சிப்பாய்ச்சல்' என்பது என் முன்மொழிவு.

அண்ணை, எனக்குப் பாய்ச்சல் என்றவுடன் புலிதான் கண்ணில் வருகிறது. விளையாட்டுக் கையேட்டில் இது இன்னும் குழப்பும். 'பாய்ச்சல்' என்று ஒரு பொத்தான் இருந்தால் ஆள் தாவப் போகிறார் என்று பொடியன்கள் நினைப்பார்கள். 'தாரை' என்று போடலாமே?

உப்புவெளியிலிருந்து

*

உப்புவெளித் தம்பி, தாரையில் எனக்கும் ஆசை இருந்தது. ஒலி இனிமையானது. ஆனால் அதை வினையாக்கிப் பாருங்கள். தாரையிடு, தாரைப்படுத்து, தாரையாக்கு: ஒன்றும் வாயில் நிற்காது. கையேடு முழுக்க நமக்கு வேண்டியது வினைச்சொல்தான்.

புலி பாயும், மான் பாயும், அது தன்வினை. பாய்ச்சு என்பது பிறவினை, ஒருவர் ஒன்றை இன்னொன்றுக்குள் செலுத்துவது. வயலுக்கு நீர் பாய்ச்சுகிறோம், கம்பியில் மின்சாரம் பாய்ச்சுகிறோம். இருட்டில் டோர்ச் வெளிச்சத்தையும் பாய்ச்சுகிறோம். அந்தக் கடைசி வழக்கைக் கவனியுங்கள். ஒளியைப் பாய்ச்சுவது நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது, கண்ணுக்குள் காட்சியைப் பாய்ச்சுவதற்கு அங்கிருந்து ஒரு எட்டுத்தான்.

பொத்தானில் 'பாய்ச்சு' என்று ஏவலாகப் போடுவோம். பெயர்ச்சொல்லைத் தனியே விடாமல் எப்போதும் 'காட்சிப்பாய்ச்சல்' என்று சேர்த்தே எழுதுவோம். அப்போது புலி வராது.

*

காட்சிப்பாய்ச்சலை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் விளக்கம் கேட்கவில்லை, "ரீவியில மாட்ச் பாய்ச்சுறாங்களா ரீச்சர்?" என்று ஒருத்தி உடனே வினையாக்கிவிட்டாள். எனக்கு அது போதும். ஆனால் அவள் கேட்டதற்கு மறுமொழி 'இல்லை' என்பதையும் கையேட்டில் எழுதிவிடுங்கள். எல்லோருக்கும் ஒன்றாகப் போவது ஒளிபரப்பு. ஒருவரின் தலை அசைவுக்கு ஏற்ப அவருக்கு மட்டும் வருவது காட்சிப்பாய்ச்சல்.

இன்னொன்று. கணினியில் இருந்து காட்சியை அனுப்பும் மென்பொருளுக்குப் (server) 'பாய்ச்சி' என்று நீங்கள் போன மாதம் எழுதியதை விட்டுவிடுங்கள். 'வழங்கி' பழகிய சொல், அதை மாற்ற வேண்டாம்.

தம்பலகாமத்திலிருந்து,
அக்கா

*

அக்கா, வழங்கியையே வைத்துக்கொள்கிறேன், பாய்ச்சியை எடுத்துவிட்டேன். ஒளிபரப்பு வேறுபாட்டை முதல் பக்கத்திலேயே சேர்த்துவிட்டேன். வயரில்லா என்பதற்குக் 'கம்பியில்லா' இருக்கிறது, அதில் விவாதம் வேண்டியதில்லை. திருத்திய பகுதி இது:

"கணினியும் ஹெட்செட்டும் ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டும். கணினியை ரவுட்டரோடு வயரால் இணையுங்கள், ஹெட்செட்டை மட்டும் 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் விடுங்கள். இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒரே அலைவரிசையில் காட்சி இருமுறை பயணம் செய்யும், தாமதம் கூடும். வைவர்ன் வழங்கியைத் தொடக்குங்கள். தீச்சுவரில் (firewall) 9757 ஆம் வாயில் (port) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஹெட்செட்டில் கணினியின் பெயரைத் தெரிவுசெய்து, பாய்ச்சு என்பதை அழுத்துங்கள்."

அந்த 'வாயில்' இருக்கும் இடத்தில் 'வக்கடை' என்று எழுதக் கை துடித்தது. வரம்பில் தண்ணீருக்கென்று வெட்டிவிடும் இடைவெளிக்கும் தீச்சுவரில் திறந்துவிடும் வழிக்கும் அவ்வளவு பொருத்தம். யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் அந்தச் சொல் விளங்குமா என்பதை அங்குள்ளவர்கள் எழுதுங்கள். அதுவரை வாயில் என்றே இருக்கட்டும்.