மரத்தடியில் நவீன சிற்பம்: பார்க்கப் போகிறவர்களுக்கும் தோட்டத்தில் வைக்கிறவர்களுக்கும்

(ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

ஈரோடு காவிரிக்கரை

பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போய்வருகிற பெற்றோர் இப்போது நம் பக்கம் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இருக்கிறாங்க. போனால் கோபுரம், துலிப் தோட்டம், படகுச் சவாரி, அதோட சரி. காட்டுக்குள்ளே நவீன சிற்பங்களை நிறுத்தியிருக்கிற தோட்டங்களைப் பார்த்தவங்க, கல்வேலை, இரும்புவேலை தெரிஞ்சவங்க எழுதுங்க. “அருமையா இருந்துச்சு” மட்டும் வேண்டாம். எப்படிப் போறது, எங்கே நின்னு பார்க்கறது, எதைத் தவற விட்டுடுவோம், அதைச் சொல்லுங்க.

கொரங்காடு

நெதர்லாந்து போகிறவர்கள் ஓட்டர்லோவில் இருக்கும் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தை விட்டுவிட வேண்டாம். கூட்டம் வான்கோ ஓவியங்களுக்கு வருகிறது. கட்டடத்துக்குப் பின்னால் 25 ஹெக்டேர், நம் கணக்கில் 60 ஏக்கருக்கு மேல், மரங்களுக்கிடையே சிற்பத் தோட்டம். 1961-இல் திறந்தது.

முதலில் டிக்கெட் விவகாரம். அருங்காட்சியகம் ஹோகே வேலுவே தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பூங்காவுக்கு ஒரு டிக்கெட், அருங்காட்சியகத்துக்கு ஒரு டிக்கெட். ஒன்றை மட்டும் ஆன்லைனில் எடுத்துக்கொண்டு வாசலில் விழிக்கிறவர்கள் நிறைய. திங்கட்கிழமை விடுமுறை. ரயிலில் எடே-வாகெனிங்கன் வரை வந்து அங்கிருந்து பேருந்து. பூங்கா வாசலில் வெள்ளை சைக்கிள்கள் இலவசம். அவற்றில் கைப்பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். இறக்கத்தில் போய்த் தெரிந்துகொள்வதைவிட வாசலிலேயே நாலு வட்டம் ஓட்டிப் பழகிக்கொள்வது நல்லது.

உள்ளே போனதும் தோட்டத்தை முதலில் பாருங்கள், ஓவியங்களைப் பிறகு. குளிர்காலத்தில் நாலரை மணிக்கே பொழுது இறங்கிவிடும், அப்புறம் காட்டுக்குள் ஒன்றும் தெரியாது. கட்டடத்துக்குள் விளக்கு உண்டு.

குளத்தில் மார்ட்டா பான் செய்த வெள்ளைச் சிற்பம் மிதக்கிறது. பாலியஸ்டரில் செய்த இரண்டு பாகங்கள். காற்று அடிக்கிற பக்கம் மெல்லத் திரும்பும். ஒரு படம் எடுத்துவிட்டு நகர்கிறவர்களுக்கு அது அசைவதே தெரியாது. கரையில் பத்து நிமிடம் உட்காருங்கள்.

ரிச்சர்ட் செர்ராவின் ‘ஸ்பின் அவுட்’ 1972-73-இல் வைத்தது. மேட்டிலிருந்து பார்த்தால் ஒரு பள்ளத்தின் சரிவுகளில் துருப்பிடித்த மூன்று தகடுகள் செருகி நிற்கும். ‘இவ்வளவுதானா’ என்று பாதிப்பேர் அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு தகடும் 10 அடி உயரம், 40 அடி நீளம், ஒன்றரை அங்குலக் கனம். இரும்பின் எடையை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு தகடு 11 டன் வரும். பள்ளத்தின் நடுவே இறங்கி நடக்க வேண்டும். நடக்க நடக்கத் தகடுகளுக்கு இடையே உள்ள வாசல் திறக்கும், நாலடி வைத்தால் மூடிக்கொள்ளும். தகட்டின் மேல்விளிம்பை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு போனால், மேட்டுமண் அதை எந்த இடத்தில் முழுங்குகிறது என்று தெரியும். நிலம் எவ்வளவு சரிகிறது என்பதையே அந்தத் தகடுதான் அளந்து காட்டுகிறது. சமதரையில் கொண்டுபோய் நிறுத்தினால் வெறும் இரும்புதான்.

கென்னத் ஸ்னெல்சனின் ‘நீடில் டவர் 2’ (1969) 30 மீட்டர் உயரம். அலுமினியக் குழாய்களும் எஃகுக் கம்பிவடமும் மட்டும். எந்தக் குழாயும் இன்னொரு குழாயைத் தொடாது. கம்பி இழுக்கிறது, குழாய் தாங்குகிறது. இதைத் தூர இருந்து பார்த்துப் பயனில்லை. அடியில் போய், நடுவில் நின்று, அண்ணாந்து பாருங்கள். அறுகோண நட்சத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே மேலே போகும்.

ழான் துபுஃபேயின் வெள்ளைக் கான்கிரீட் தோட்டத்தில் (1974) ஏறி நடக்கலாம். தரை ஏற்ற இறக்கமாக இருக்கும், கருப்புக் கோடுகள் எது மேடு எது பள்ளம் என்று கண்ணை ஏமாற்றும். முட்டிவலிக்காரர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். ஈரமாக இருந்தால் வேண்டாம்.

இன்னொன்று: அங்கே புல்லில் உண்ணி உண்டு. மாட்டு உண்ணி மாதிரி சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, லைம் என்ற நோயைப் பரப்பும். முழுக்கால் பேன்ட், அதன் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளணும். வீடு திரும்பியதும் முட்டிமடிப்பு, இடுப்பு, அக்குள் பார்த்துவிடுங்கள். கடித்திருந்தால் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றாமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்கணும்.

கோபி வாய்க்கால்

இங்கிலாந்து போகிறவங்களுக்கு: வேக்ஃபீல்டு பக்கத்துல யார்க்‌ஷயர் சிற்பப் பூங்கா, 1977-ல ஆரம்பிச்சது, 500 ஏக்கர். ஹென்றி மூரோட வெண்கலச் சிற்பங்களைச் சுத்தி ஆடு மேஞ்சுக்கிட்டு இருக்கும். அது ஏற்பாட்டோட பகுதிதான்; ஆடு நின்னாத்தான் சிற்பத்தோட அளவு கண்ணுக்குப் பிடிபடும். பார்பரா ஹெப்வொர்த்தோட ‘மனிதக் குடும்பம்’ (1970) ஒன்பது உருவம், சரிவுல நிக்குது. கீழேயிருந்து மேலே ஏறிக்கிட்டே பாருங்க.

எல்லாரும் தவற விடறது ஆண்டி கோல்ட்ஸ்வர்தியோட ‘தொங்கும் மரங்கள்’. ஏரி தாண்டி ஆக்ஸ்லி பேங்க் காட்டுக்குள்ள இருக்கு. தரை மட்டத்துக்குக் கீழே கல்லடுக்குச் சுவர் கட்டி, அதுக்குள்ளே மரத்தண்டு அந்தரத்துல நிக்கற மாதிரி சுவர்லயே பொருத்தியிருக்காரு. தூரத்துல இருந்து ஒண்ணும் தெரியாது, விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாத்தான் தெரியும். மழை பெஞ்சா அந்தப் பாதை சேறு. செருப்பு, கட்ஷூ ஆகாது. கணுக்கால் வரைக்கும் வர்ற ஷூ வேணும்.

கிரைஸ்டேல் காடு ஏரி மாவட்டத்துல இருக்கு. அங்கே மரத்தால செஞ்ச பல சிற்பங்களை மக்கிப்போகட்டும்னே வெச்சிருக்காங்க. பழைய படத்தைப் பார்த்துட்டுப் போய் “காணோமே”ன்னு தேடாதீங்க. புது வரைபடம் வாங்கிக்குங்க.

வாளையாறு தாண்டி

விமானமே வேண்டாம் என்கிறவர்களுக்கு பாலக்காட்டுப் பக்கம் மலம்புழா இருக்கிறது. காடு என்று சொல்ல முடியாது, அணைக்கட்டுத் தோட்டம். ஆனால் தென்னாட்டில் வெட்டவெளியில் நிற்கும் நவீன சிற்பங்களில் முதல் வரிசையில் வைக்கவேண்டிய ஒன்று அங்கே இருக்கிறது: கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் முடித்த யக்‌ஷி. 30 அடி, கான்கிரீட். காலை விரித்து உட்கார்ந்து, கைகளைத் தலைமுடிக்குக் கொண்டுபோய், முகத்தை வானுக்குத் தூக்கியிருக்கும். செய்தபோது நிர்வாணம் என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. இன்றைக்கும் சில குடும்பங்கள் பிள்ளைகளின் தலையைத் திருப்பிக்கொண்டு வேகமாகக் கடக்கிறார்கள், பரிதாபம்தான்.

நேர் எதிரே நின்று படம் எடுக்கிறார்கள். அங்கிருந்து முகம் சரியாகவே தெரியாது, தாடைதான் தெரியும். பக்கவாட்டில் நகர்ந்து, பின்னணியில் மலை வருகிற இடத்தில் நில்லுங்கள். முதுகும் தோளும் பின்னாலுள்ள மலைச்சரிவோடு ஒரே கோட்டில் ஓடுவது அங்கிருந்துதான் புரியும்.

பக்கத்திலேயே நேக் சந்த் அமைத்த பாறைத் தோட்டம். உடைந்த வளையல், ஓடு, கழிவுப் பொருட்களில் செய்த உருவங்கள். சண்டிகரில் 1957 முதல் காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் கட்டி, 1976-இல் மக்களுக்குத் திறந்துவிட்ட அதே மனிதர்தான்.

கோவையிலிருந்து ரயில் என்றால் பாலக்காடு ஜங்ஷன் (ஒலவக்கோடு) இறங்கினால் மலம்புழா பக்கம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் குடை நிற்காது, மழைக்கோட்டு கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர்க்கவும்.

பூண்டி உளி

பார்க்கிறதைப் பத்தி எழுதிட்டாங்க. வைக்கிறதைப் பத்தி நான் சொல்றேனுங்க. தோட்டத்துல, பண்ணைவீட்டுல நவீன சிற்பம் வைக்கணும்னு திருமுருகன்பூண்டிக் கல்சிற்பப் பட்டறைகளுக்கு இப்ப ஆள் வர்றாங்க. சிற்பத்துக்குக் காசு செலவு பண்றவங்க அடிமானத்துக்கு யோசிக்கிறதில்லை.

எடையில இருந்து ஆரம்பிக்கணும். கருங்கல் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ. 6 அடி உயரம், 2 அடி அகலம், ஒன்றரை அடி கனம்னா 18 கன அடி, 1,350 கிலோ. ஹைட்ரா கிரேன் தோப்புக்குள்ள நுழையுமா, அதோட கையை (பூம்) தூக்கறப்ப கிளை இடிக்குமான்னு கல் வர்றதுக்கு முன்னாடியே பார்த்துக்குங்க. நுழையலைன்னா முக்காலி நட்டு செயின் பிளாக்கில இறக்கணும். கல்லைச் சங்கிலி போட்டுத் தூக்கக் கூடாது, விளிம்பு தெறிச்சிடும். நைலான் பெல்ட், அதுக்கும் கல்லுக்கும் நடுவே சாக்கு மடிச்சு வைக்கணும்.

கல்லு வாங்கறப்ப சுத்தியில தட்டிப் பாருங்க. மணியோசை வரணும். மந்தமா கேட்டா உள்ளே வெடிப்பு. சந்தேகம் இருந்தா தண்ணியை ஊத்தி காய விடுங்க. மேல்பரப்பு வெளிறிக்கிட்டு வர்றப்ப, முடி மாதிரி மெல்லிய வெடிப்பு இருக்கிற இடத்துல மட்டும் கருப்பா ஒரு கோடு நின்னுக்கிட்டு இருக்கும். அது தண்ணி உள்ளே போயிருக்கிற இடம். அந்தக் கல்லை விட்டுடுங்க.

செம்மண் நிலம்னா 4-க்கு 4 அடி குழி, 3 அடி ஆழம், இல்லை கெட்டித்தரை வர்ற வரைக்கும். அடியில 6 அங்குலம் 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட். அதுக்கு மேல 12 மி.மீ. கம்பிவலை கட்டி 1:2:4-ல ஒரு அடி. பீடம் தரைக்கு மேல 9 அங்குலமாவது வரணும். மேல்முகம் வெளிப்பக்கமா லேசா சரியணும், இல்லைன்னா கல்லோட அடியில தண்ணி நிக்கும். மூணு வாரம் கான்கிரீட்டுக்குத் தண்ணி விட்டு இறுக விட்டதுக்கு அப்புறமேட்டுக்குத்தான் சிற்பத்தை ஏத்தணும்.

கல்லையும் பீடத்தையும் பிணைக்க 25 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ராடு இரண்டு, மேலே 6 அங்குலம், கீழே 6 அங்குலம். துளை 30 மி.மீ. துளைக்குள்ள இருக்கிற தூளை ஊதி எடுத்துட்டுத்தான் எப்பாக்சிப் பசை ஊத்தணும். தூள் இருந்தா பசை தூளைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. காசு மிச்சம்னு சாதாரண முறுக்குக்கம்பி போடறாங்க. அது துருப்பிடிச்சா ஊதிப் பெருக்கும், கல்லை அடியில இருந்து பிளக்கும். மேலே ஒண்ணும் தெரியாது, ஒரு நாள் மூலை விண்டு விழும்.

பல்லடம் தறி

அண்ணா, எங்க தோட்டம் கரிசல் மண்ணுங்க. இதே கணக்கு ஆகுங்களா?

பூண்டி உளி

ஆகாதுங்க. கரிசல் மழைக்கு ஊதும், கோடைக்கு வெடிக்கும். பீடம் வருசா வருசம் ஆடும். அடியில இருக்கிற சுக்கான் கல் தட்டுப்படற வரைக்கும் தோண்டி, எடுத்த மண்ணைத் திருப்பிப் போடாம கிராவலும் மணலும் அடுக்கடுக்கா தண்ணி விட்டு இடிச்சு நிரப்புங்க. பீடத்தைச் சுத்தி 3 அடிக்குத் தண்ணி நிக்காம வாட்டம் குடுங்க.

எந்த மரத்தடின்னு பார்க்கணும். தென்னைக்கு அடியில வேண்டவே வேண்டாம். காயும் மட்டையும் விழும், ஏறிப் பறிக்கறவரும் பார்த்துப் போட முடியாது. ஆல், அரசு நிழல்ல வெச்சா பறவை எச்சத்துல வர்ற விதை கல் இடுக்குல முளைக்கும். விரல் நீளம் இருக்கறப்பவே பிடுங்கணும். வேர் தடிச்சா அது கல்லை நெம்பும். தேக்கு இலை ஈரத்துல சிவப்புச் சாயம் இறக்கும், வெளிர்க்கல்லுல கறை போகாது. வேம்பு, புங்கன் பரவாயில்லை, அடிமரத்துல இருந்து 10 அடி தள்ளி வைக்கலாம்.

ஈரோடு காவிரிக்கரை

கல் இல்லாம இரும்பு, ஸ்டீல்ல வெச்சா எப்படிங்க?

கொரங்காடு

கார்ட்டன் எஃகு என்று விற்கிறார்கள், மேலே துரு படிந்து அதுவே கவசமாகிவிடும் வகை. அதற்கு நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். தோப்பில் சருகு குவிந்து அடிப்பாகம் எப்போதும் ஈரமாகவே இருந்தால் கவசம் உருவாகாது, அரித்துக்கொண்டே போகும். தரையிலிருந்து தூக்கி வையுங்கள், சருகைக் கூட்டிவிடுங்கள். முதல் இரண்டு மழைக்காலத்துக்குத் துருநீர் வடியும். அடியில் வெள்ளைப் பளிங்கோ வெளிர்க்கல்லோ போட்டால் நிரந்தரக் கறை; கருங்கல் ஜல்லி பரப்பினால் தெரியாது.

கண்ணாடிபோலப் பளபளக்கும் ஸ்டீல் நம் பக்கத்துக்குத் தோதில்லை. காரணம் மயில். தன் உருவத்தைப் பார்த்து இன்னொரு ஆண்மயில் என்று நினைத்துக் கொத்தும், காலால் உதைக்கும். இனப்பெருக்கக் காலத்தில் விடவே விடாது. மங்கலாக, பிரஷ் அடித்த பரப்பு கேளுங்கள்.

எங்கள் காங்கயம் பக்கத்துக் கொரங்காடு, வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியுமாக இருக்கிற மேய்ச்சல் நிலம், சிற்பம் வைக்கத் தோதான இடம். நிழல் அடர்த்தி குறைவு, ஈரம் தங்காது, பாசி பிடிக்காது. ஆனால் மாடு முதுகு தேய்க்கும். ஒரு காளை சாய்ந்து தேய்த்தால் மேற்பாகம் கனத்த சிற்பம் ஆடிப்போகும். ஆகவே மாடு மேய்கிற இடம் என்றால் கனம் அடியில் இருக்கிற வடிவமாகக் கேளுங்கள். மாடு தேய்த்து எண்ணெய்ப்பளபளப்பு ஏறுவது தனி அழகு, அதைத் துடைக்க வேண்டாம்.

பல்லடம் தறி

ஃபைபர்ல செஞ்சா சல்லிசுங்களே?

பூண்டி உளி

வெயில் படற இடத்துல மேல்பூச்சு சுண்ணாம்பு அடிச்சாப்ல வெளிறிடும், அப்புறம் இழை வெளியே வரும். தொட்டா கை அரிக்கும். வீட்டுக்குள்ள வெச்சுக்குங்க.

பராமரிப்பு ரெண்டே விசயமுங்க. கல்லை ஆசிட் ஊத்திக் கழுவாதீங்க. கல்லுல இருக்கிற இரும்புச்சத்து மஞ்சளாப் பூக்கும், பாலிஷும் போகும். இரும்புக் கம்பிபிரஷும் ஆகாது; அதோட துணுக்கு கல்லுல தங்கி அங்கங்கே துருப்புள்ளி வைக்கும். நைலான் பிரஷ், நல்ல தண்ணி, போதும்.

அடுத்தது போர்வெல் தண்ணி. நம்ம பக்கம் உப்பு ஜாஸ்தி. புல்லுக்கு வெச்ச ஸ்பிரிங்ளர் கருப்புப் பாலிஷ் கல்லுல தினமும் படட்டும், ஒரே கோடையில வெள்ளைவெள்ளையா தெறிப்பு உறைஞ்சு நிக்கும், சுரண்டினாத்தான் வரும், சுரண்டினா பாலிஷ் போகும். சிற்பத்தைச் சுத்தி சொட்டுநீர் போடுங்க. புல்வெட்டி மெஷினோட நைலான் கயிறு பீடத்தோட விளிம்பைக் கொறிக்காம இருக்க, சுத்தி ஒரு அடிக்குப் புல்லை எடுத்துட்டு ஜல்லி போட்டுடுங்க.