பலாலியில் பார்த்தது: விமான ரயருக்குக் காற்று சரியோ என்று எப்படிப் பார்ப்பார்கள்?

கோண்டாவில் பெடியன்
சென்னை போக பலாலியில் ஏடிஆர் விமானத்துக்கு நடந்து போகும்போது ஒருத்தர் ரோச் அடித்துக்கொண்டு சில்லுகளைச் சுற்றிக் குனிந்து பார்த்தார். காற்றழுத்தம் பார்க்கிற கேஜ் ஒன்றும் வைக்கவில்லை. ரயரிலும் நாலு நேர்க்கோடு மட்டும்தான், எங்கட மோட்டார் சைக்கிள் ரயரில் இருக்கிற குறுக்கு வெட்டு ஒன்றும் இல்லை. இது காணுமோ?

ஹாங்கர் வேலைக்காரன்
தம்பி, அவர் பார்த்தது வெட்டு, வீக்கம், தேய்மானம். இறங்கின உடனே கேஜ் வைத்துப் பிரயோசனமில்லை, பிரேக்கும் ரயரும் சூடாக இருக்கும், அழுத்தம் கூடத்தான் காட்டும், அதை நம்பிக் காற்றைத் திறந்துவிட்டால் ஆறின பிறகு குறைந்துபோய் நிற்கும். குறைந்தது இரண்டு மூன்று மணித்தியாலம் ஆறவிட்டுத்தான் பார்க்கிறது, அநேகமாகக் காலை முதல் பறப்புக்கு முன். ஒரு நாளில் அழுத்தம் 5 வீதம் வரை குறைவது வழமை, நைதரசன் அடித்தால் சரி. ரயர் கம்பனிகளின் கையேட்டில் பொதுவாக இருக்க வேண்டிய அழுத்தத்தில் 90 வீதத்துக்குக் கீழே போனால் அந்த ரயரைக் கழற்று என்றிருக்கும். 80க்குக் கீழே போனால் அதே அச்சில் இருக்கிற சோடியையும் கழற்ற வேண்டும், இவர் சுமக்காத பாரத்தை அவர்தானே சுமந்திருப்பார்.

நேர்க்கோடு தண்ணீர் வெளியேறத்தான். விமானத்தின் சில்லை எஞ்சின் சுற்றுவதில்லை, குறுக்கு வெட்டுக்குத் தேவையும் இல்லை. எந்த இடத்திலாவது கோட்டின் அடி வரை தேய்ந்திருந்தால் ரயர் மாற வேண்டும்.

சுன்னாகம் கராஜ்
நாங்கள் லொறியின் சோடி ரயரைச் சுத்தியலால் தட்டிச் சத்தத்தை வைத்தே சொல்லுவோம். நல்லாக் கண் பழகினவருக்கும் காற்றுக் குறைவு தெரியாதோ?

ஹாங்கர் வேலைக்காரன்
அண்ணை, இங்கே அது சரிவராது. பக்கத்து ரயர் தாங்கிக்கொண்டு நிற்கும், கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி. 1991இல் ஜித்தாவில் டிசி-8 விமானம் ஒன்றில் காற்றுக் குறைவு என்று தெரிந்தும் சரிசெய்யாமல் ஓடவிட்டார்கள், ரயர் வெடித்துத் தீப்பிடித்து 261 பேரும் போனார்கள்.

கோண்டாவில் பெடியன்
நைதரசன் அடிக்கிறதென்றீர்கள், சாதாரணக் காற்று ஏன் கூடாது?

ஹாங்கர் வேலைக்காரன்
பிரேக் மிஞ்சிச் சூடானால் உள்ளே இருக்கிற ஒட்சிசன் ரப்பரில் இருந்து வருகிற ஆவியோடு சேர்ந்து வெடிக்கும். 1986இல் மெக்சிகோவில் ஒரு விமானத்துக்கு நடந்தது அதுதான், 167 பேர் போனார்கள்.

அப்புறம் வீக்கம் கண்டால் காற்றிறக்க முதல் அதைச் சுற்றிச் சோக்கால் கோடு போட வேண்டும், இறக்கின பிறகு வீங்கின இடம் தெரியாது. வெட்டைக் கிண்டிப் பார்க்கிறதென்றாலும் காற்றிறக்கின பிறகுதான். சூடான சில்லுக்குக் கிட்டப் போவதென்றால் முன்னாலோ பின்னாலோ போங்கோ, பக்கவாட்டில் ஒருநாளும் நிற்காதேங்கோ.