கிரைண்டிங் நாய்ஸ்: 'இடைவிட்ட அரைப்பொலி' வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிக்கப் வண்டிகளின் பழுதறியும் கையேட்டுக்கான சொற்பட்டியலில் 'இன்டர்மிட்டன்ட் கிரைண்டிங் நாய்ஸ்' (விட்டுவிட்டு வரும், பல்லைக் கடிப்பது போன்ற சத்தம்) என்பதற்கு நேராக 'இடைவிட்ட அரைப்பொலி' முன்மொழியப்பட்டிருக்கிறது. இரண்டு பாதிகளிலும் எனக்கு மறுப்பு உண்டு. பின்பாதியை எளிதில் தீர்த்துவிடலாம். முன்பாதியில் சொல் பிசகினால் பழுதைத் தேடும் இடமே பிசகிவிடும்.

பின்பாதியை முதலில் முடித்துவிடுகிறேன். மிளகாய் அரைப்பது, தானியம் திரிப்பது, கத்தியைச் சாணை பிடிப்பது எல்லாமே ஆங்கிலத்தில் கிரைண்டிங்தான். நம்முடைய 'அரைத்தல்' ஒரு பொருள் நசுங்கி விழுதாகவோ மாவாகவோ ஆவதைச் சொல்லும் வினை. அதில் ஒலியின் சாயலே இல்லை. போதாததற்கு, வேகமாகப் படிப்பவர் 'அரை' என்பதைப் பாதி என்றும் எடுத்துக்கொள்வார். மாற்றாக வந்த 'உராய்வொலி'யும் சரிப்படாது. பெல்ட் நழுவும்போது வரும் கிறீச்சும் உராய்வால் வருவதுதான். காரணத்தின் பெயரை ஒலிக்குச் சூட்டிவிட்டால், காரணம் தெரியாத நிலையில் வண்டிக்காரர் தன் காதில் விழுந்ததை எந்தச் சொல்லால் சொல்வார்?

ஒலிக்கு ஒலிக்குறிப்பே போதும். பல்லை நறநறவென்று கடிப்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. வண்டியிலும் இந்தச் சத்தம் பெரும்பாலும் பற்சக்கரங்களின் பல்லோடு பல் சரியாகப் பொருந்தாத இடத்திலோ, இரும்போடு இரும்பு தேயும் இடத்திலோதான் பிறக்கிறது. ஆகவே 'நறநறப்பு'. இதைச் சுருக்கி 'நறப்பொலி' ஆக்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இரட்டைக்கிளவி பிரிந்து இசைக்காது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. இன்றைய காதுக்கும் அது பொருந்துகிறது. 'நறப்பு' என்று தனியாகச் சொன்னால் எந்தச் சத்தமும் கேட்பதில்லை. ஓர் அசை கூடினாலும் நறநறப்பே இருக்கட்டும்.

இனி 'இன்டர்மிட்டன்ட்'. விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு 'முறைக்காய்ச்சல்' என்ற அருமையான பழைய சொல் இருக்கிறது. ஆனால் அது முறை வைத்து, நாள் தவறாமல் வருவதைச் சொல்கிறது. வண்டியில் வரும் சத்தத்துக்கு அந்த ஒழுங்கு கிடையாது. 'இடைவிட்ட' என்பதில் வேறொரு குறை: அது இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளை ஒரே பையில் போடுகிறது. பழுது பார்ப்பவருக்கு அந்த இரண்டும் பிரிந்தே ஆக வேண்டும்.

முதலாவது, சத்தம் இருக்கும்போதே 'நற… நற… நற…' என்று துண்டு துண்டாகக் கேட்பது. இது ஏதோ ஒன்றின் சுழற்சியோடு ஒத்து வருகிறது. எதன் சுழற்சி என்பதை எண்ணிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பிக்கப் வண்டியின் டயர் சுமார் 80 செ.மீ. விட்டம் என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 2.5 மீட்டர் போகும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சக்கரம் மூன்று நொடியில் ஐந்து சுற்று சுற்றும். சத்தமும் அதே கணக்கில் வந்தால் சக்கரத்தோடு சுற்றும் பாகங்களைப் பாருங்கள்: பிரேக் டிஸ்க், அதன் தகட்டு மறைப்பில் சிக்கிய கல், வீல் பேரிங். பின் அச்சின் பல்விகிதம் 3.73 என்றால், அதாவது எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்றால், அதே வேகத்தில் அந்தத் தண்டு நொடிக்கு ஆறு தடவைக்கு மேல் சுற்றுகிறது. அந்தக் கணக்கில் வரும் சத்தத்துக்குச் சக்கரத்தைக் கழற்றுவது வீண் வேலை. இந்த வகைக்கு 'சுற்றொத்த' என்ற அடைமொழி போதும்: சுற்றொத்த நறநறப்பு.

இரண்டாவது, சில சமயம் வருவதும் பல சமயம் வராததும். வீட்டிலிருந்து கிளம்பும்போது இருக்கும், மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் காணாமல் போயிருக்கும். வண்டிக்காரரை உண்மையில் அலைக்கழிப்பது இதுதான். 'சும்மா சும்மா வருது' என்று நாம் சொன்னாலும் அது சும்மா வருவதில்லை. ஏதோ ஒரு நிலை கூடும்போது வருகிறது, அந்த நிலை விலகினால் மறைகிறது. எனவே 'நிலைசார்' என்கிறேன். 'இடைவிட்ட' என்று எழுதினால் படிப்பவர் 'சரி, எப்போதாவது வரும்' என்று நின்றுவிடுவார். 'நிலைசார்' என்று எழுதினால் 'எந்த நிலையில்?' என்று அடுத்த கேள்வியைக் கேட்பார். பழுதறிதல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

வட அமெரிக்காவில் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று. ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டியின் 2004 மாதிரி முதல் வந்த பல நான்கு சக்கர இயக்க வகைகளில், முன் சக்கரக் குடத்தில் ஒரு பல்வளையம் உண்டு. (மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடம், ஆரக்கால், வட்டை என்ற பெயர்கள் இருக்க, 'ஹப்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.) இரு சக்கர இயக்கத்தில் எஞ்சினின் வாக்குவம் (காற்றை உறிஞ்சும் இழுவை) ஒரு குழாய் வழியே அந்த வளையத்தை இழுத்துப் பிடித்திருக்கும். சக்கரமும் குடமும் சுழலும். அச்சுத்தண்டு சும்மா நிற்கும். நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றினால் வாக்குவம் விடுபட்டு, வில் தள்ள, வளையம் தண்டின் பற்களோடு கோத்துக்கொள்ளும்.

வாக்குவக் குழாயில் கசிவோ அதிலுள்ள ஒருவழி வால்வில் பழுதோ இருந்தால் என்ன ஆகும்? எஞ்சின் ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல் மெல்ல) ஓடும்போது வாக்குவம் பாதரச அளவில் 18 முதல் 22 அங்குலம் வரை நன்றாகவே இருக்கும், சத்தம் இராது. மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் வாக்குவம் சரியும். வளையம் சற்றே நழுவி, நிற்கும் தண்டின் பற்களில் உரசி நறநறக்கும். காலை எடுத்தால் அடங்கும். கடை வாசலில் ஐடிலில் நிற்கும் வண்டியில் மெக்கானிக்குக் கேட்காததற்குக் காரணம் இதுதான். தளர்ந்த மண் தரையில் சத்தம் வரும்போதே நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள்; வளையம் முழுதாகக் கோத்துக்கொண்டு சத்தம் நின்றால் சந்தேகம் கிட்டத்தட்டத் தீர்ந்தது. பிறகு கைப் பம்பு வைத்து, குழாயும் வால்வும் வாக்குவத்தைப் பிடித்து நிறுத்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். அப்படியே விட்டுவிட்டு ஓட்டினால் பற்கள் தேய்ந்து, குழாய் மாற்றுவதோடு போயிருக்க வேண்டிய வேலை குடத்தையே மாற்றுவதில் முடியும்.

பற்கள் கோத்துக்கொள்வதையும் விடுபடுவதையும் குறிக்கும் இந்த 'என்கேஜ்', 'டிஸ்என்கேஜ்' இரண்டுக்கும் 'பிணைப்பு', 'பிணைப்பு நீக்கம்' என்று பட்டியலில் இருக்கிறது. வண்டி பூட்டுவதும் அவிழ்ப்பதும் நமக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த பேச்சு. 'பூட்டு', 'அவிழ்' என்றே வைப்போம். அப்போது மேலே சொன்ன பழுதுக்கு 'அரைகுறைப் பூட்டு' என்று தானாகவே பெயர் அமைந்துவிடுகிறது. கேட்டவுடனே என்ன கோளாறு என்றும் புரிகிறது.

மற்ற நிலைகளையும் கையேட்டில் இதே முறையில் எழுதலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வரும் நறநறப்பு, கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் வருவது, பாரம் ஏற்றினால் மட்டும் வருவது, திருப்பத்தில் மட்டும் வருவது. திருப்பத்தைப் பற்றி ஒரு சொல்: இடப்பக்கம் வளைக்கும்போது எடை வலப்பக்கம் சாய்கிறது. அப்போது சத்தம் கூடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வலச் சக்கரப் பேரிங்கை. சத்தத்தின் பெயர், நிலை, சந்தேகப் பாகம் என்று மூன்று நெடுவரிசைகள் இருந்தால் பட்டியல் கடைக்காரருக்கும் பயன்படும், வண்டிக்காரருக்கும் பயன்படும்.

'நறநறப்பு', 'சுற்றொத்த', 'நிலைசார்', 'பூட்டு–அவிழ்' ஆகியவற்றைப் பட்டியலில் ஏற்றலாம் என்பது என் முன்மொழிவு. மறுப்பிருந்தால் எழுதுங்கள். தேய்ந்த பேரிங்கிலிருந்து நறநறப்புக்கு முன்பே வரும் அந்த நீண்ட சத்தத்துக்கு 'ஊளை' என்றும் 'முனகல்' என்றும் இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. வேகம் கூடக் கூட அதன் சுருதி ஏறுவதால் நான் 'ஊளை' பக்கம். மெக்கானிக் கடைகளில் புழங்கும் வேறு சொல் தெரிந்தவர்கள் அதையும் அனுப்புங்கள்.